வெடித்த அப்பென்டிக்ஸ்: பிள்ளைக்கு எந்த ஒப்பரேசன்?

"மிஸ், கீறாம ஓட்டை போட்டுச் செய்ய ஏலாதா?" அப்பென்டிக்ஸ் வெடித்த பிள்ளையோடு எங்கள் அறுவை வாட்டுக்கு வரும் தாய்மார் பலர் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. பிள்ளையின் வயிற்றில் பெரிய தழும்பு விழுவதை யார் விரும்புவார்? ஆனால் வயிறு முழுக்கச் சீழ் பரவிய பிள்ளைக்கு கீறலா துளையா என்பது பல கேள்விகளில் ஒன்றுதான். இப்போதே வெட்டுவதா பிறகா, கழுவுவதா உறிஞ்சுவதா, மிச்சச் சீழ் வடிய ரியூப் வைப்பதா இல்லையா, ஊசி மருந்து எத்தனை நாள், பக்கத்து ஆஸ்பத்திரியா தூரத்து ஆஸ்பத்திரியா என்று இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கத்தையும் சொல்லி, நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதையும் சொல்கிறேன். முடிவெடுப்பது உங்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர்தான். அவர் சொல்வதை விளங்கிக்கொள்ளவும், சரியான கேள்வியைக் கேட்கவும் இது உதவினால் போதும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அப்பென்டிக்ஸ் என்ற குடல்வால், பெருங்குடல் தொடங்கும் இடத்தில் தொங்கும் சிறு குழாய். அதன் வாயைக் காய்ந்த மலக்கல்லோ வீங்கிய திசுவோ அடைத்தால் உள்ளே அமுக்கம் ஏறும், இரத்த ஓட்டம் குறையும், சுவர் அழுகி ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாகச் சீழும் குடல் கிருமிகளும் வயிற்றறைக்குள் கொட்டும். குடல்களைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு முழுக்க அழற்சி கொள்ளும். இதைத்தான் டொக்டர்மார் பெரிட்டோனைட்டிஸ் என்கிறார்கள்.

பெரியவர்களில் குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரை ஓடிப்போய் அந்த இடத்தைப் பொத்திவிடும். சின்னப் பிள்ளைகளில் அந்தத் திரை குட்டையானது, மெல்லியது. அதனால் சீழ் ஓரிடத்தில் நிற்காமல் பரவுகிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில், நோய் இன்னதென்று கண்டுபிடிக்கும்போதே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அப்பென்டிக்ஸ் வெடித்திருக்கும். அவர்களுக்கு வலி எங்கே என்று சொல்லத் தெரியாது. சத்தி, காய்ச்சல், கொஞ்சம் வயிற்றோட்டம் என்று வரும். வீட்டில் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுப்பார்கள், பாமசியில் மருந்து வாங்குவார்கள், ஒரு நாள் போய்விடும். இதில் தாய் தகப்பனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. டொக்டர்மாருக்கே தொடக்கத்தில் பிடிபடாத நோய் இது.

ஆனால் ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். "நேத்து ராவெல்லாம் துடிச்சான், விடிய குத்து நிண்டுட்டு மிஸ், இனி ஏன் ஒப்பரேசன்?" என்று கேட்கும் உம்மாமாரை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டை விழுந்ததும் உள்ளே இருந்த அமுக்கம் இறங்கும். வலி கொஞ்ச நேரம் குறையும். பிள்ளை தூங்கக்கூடச் செய்யும். பிறகு வலி வயிறு முழுக்கப் பரவும், வயிறு பலகை மாதிரி இறுகும். குனிந்து, வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளை, துள்ளிக் காட்டச் சொன்னால் மாட்டேன் என்று நிற்கும் பிள்ளை, ஆட்டோ பள்ளத்தில் விழும் ஒவ்வொரு தடவையும் அலறும் பிள்ளை என்றால் வேறு யோசனை வேண்டாம், ஆஸ்பத்திரிதான். பேதி மருந்து கொடுக்கவே கூடாது. அழுகிய சுவரில் குடல் முறுக்கிப் பிழிந்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உடனே தியேட்டரா, முதலில் சேலைனா

வாட்டில் மிக அதிகமாகக் கோபம் வரும் இடம் இது. "இவ்வளவு அவசரம் எண்டு சொன்னீங்க, இன்னும் சேலைன்தானே ஏத்துறீங்க?" என்று தகப்பன்மார் சத்தம் போடுவார்கள்.

இரண்டு நாள் சத்தி எடுத்த பிள்ளையின் உடம்பில் நீர் இல்லை. வயிற்றறைக்குள்ளும் நிறைய நீர் கசிந்து போயிருக்கும். அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். அதனால் முதலில் சேலைன். வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் வரை வேகமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். 15 கிலோ பிள்ளைக்கு அது 150 முதல் 300 மில்லிலீற்றர். நாடித் துடிப்பு இறங்குகிறதா, கை கால் சூடாகிறதா, சிறுநீர் வருகிறதா என்று பார்த்து, தேவையென்றால் திரும்பக் கொடுப்பார்கள். அதோடு அன்டிபயோட்டிக் ஊசி, வலிக்கு மருந்து, சத்தி நிற்காவிட்டால் மூக்கு வழியாக வயிற்றுக்கு ரியூப். வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்பது பழைய பயம். சரியான அளவில் கொடுத்தால் நோயைக் கண்டுபிடிப்பது கெடுவதில்லை. பிள்ளையை வலியில் போட்டுவைக்க ஒரு காரணமும் இல்லை.

இந்தச் சில மணித்தியாலங்கள் வீணாகிறவை அல்ல. ஒப்பரேசன் அந்த நேரமே தொடங்கிவிட்டது என்றுதான் நான் பெற்றோருக்குச் சொல்வேன். அதே நேரம், வயிறு முழுக்கச் சீழ் பரவிய பிள்ளையை, உடம்பு தேறிய பிறகும் விடியும்வரை வைத்திருப்பது சரியில்லை. பிள்ளை தேறியதும் தியேட்டர், அது நடுச்சாமமாக இருந்தாலும்.

கீறலா, துளையா

பதிவாகியிருக்கும் முதல் அப்பென்டிக்ஸ் ஒப்பரேசனே ஒரு பிள்ளைக்குத்தான் நடந்தது. 1735இல் லண்டனில் குளோடியஸ் அமியான்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 11 வயதுப் பொடியன் ஒருவனின் குடலிறக்கத்துக்குள் சிக்கியிருந்த, ஊசி குத்தி ஓட்டையான அப்பென்டிக்ஸை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து இல்லாத காலம். பையன் பிழைத்தான். வலது அடிவயிற்றில் தசை நாரை வெட்டாமல் விலக்கிப் போகும் கீறலை அமெரிக்காவின் சார்ள்ஸ் மக்பேர்னி 1894இல் விவரித்தார். இன்றைக்கும் திறந்த முறையின் அடிப்படை அதுதான். லப்பரொஸ்கோப்பி என்ற துளை முறை வழியாக அப்பென்டிக்ஸை முதலில் எடுத்தவர் ஜேர்மனியின் கீல் நகரில் இருந்த குர்ட் செம், 1980இல். அவர் ஒரு மகப்பேற்று நிபுணர். அப்போது சொந்த நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர்களே அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். துளை முறையில் தொப்புளில் ஒன்றும் அடிவயிற்றில் இரண்டுமாக மூன்று சிறு துளைகள். வயிற்றறைக்குள் காபனீரொட்சைட்டு வாயுவை மெதுவாக ஏற்றி, கமெராவை விட்டுப் பார்க்கிறார்கள். இதில் எனக்கு மிகப் பெரிய நன்மையாகப் படுவது தழும்பு சின்னது என்பது இல்லை. கமெரா எங்கும் போகும் என்பதுதான். பரவிய சீழ் இடுப்புக் குழிக்குள்ளும், ஈரலுக்குக் கீழேயும், குடல் மடிப்புகளுக்கு நடுவிலும் தேங்கும். சின்னக் கீறல் வழியாக அந்த மூலைகளைப் பார்ப்பது கஷ்டம், கமெராவால் ஒவ்வொரு குழியையும் பார்த்தே உறிஞ்சலாம். பெண் பிள்ளையென்றால் சூலகத்தில் ஏதும் சிக்கலா என்பதும் அதே பார்வையில் தெரிந்துவிடும்.

கீறல் காயத்தில் சீழ் பிடிப்பதும் துளை முறையில் குறைவு. சீழ் ததும்பும் வயிற்றிலிருந்து அழுகிய அப்பென்டிக்ஸைத் தோலில் படாமல் பையிலிட்டோ துளைக்குழாய்க்குள் இழுத்தோ எடுத்துவிடுவதால் அது. பிள்ளை சீக்கிரம் எழும்பி நடக்கும், வீட்டுக்குப் போகும் நாளும் முந்தும். பின்னாளில் குடல் ஒட்டிக்கொண்டு அடைபடும் வாய்ப்பும் குறைவாகவே காணப்படுகிறது. உள்ளே திரும்பவும் சீழ் கட்டுவது துளை முறையில் கூடுமோ என்ற பயம் நீண்ட காலம் இருந்தது. பெரியவர்களில் நடந்த சில ஆய்வுகளில் அப்படித் தெரிந்தது, பிள்ளைகளில் அப்படிப் பெரிய வித்தியாசம் நிற்கவில்லை.

அப்போ திறந்த முறைக்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. வாயு ஏற்றினால் வயிற்றுக்குள் அமுக்கம் கூடும், நுரையீரல் விரிய இடம் குறையும், இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறையும். நன்றாகத் தேறிய பிள்ளை அதைத் தாங்கும். இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில் இருக்கும் பிள்ளை தாங்காது. குடல்கள் ஊதி வயிறு முட்டிப்போய் இருந்தால் கமெராவுக்கு இடமே இருக்காது. துளை முறைக்குப் பிள்ளைக்கு ஏற்ற சிறிய கருவிகளும், அதில் கை பழகிய நிபுணரும், அந்த நேரத்தில் கூட நிற்கத் தெரிந்த தியேட்டர் ஆட்களும் வேண்டும். நடுச்சாமத்தில் இவை எல்லாம் ஒன்றாகச் சேர்வது எல்லா இடத்திலும் நடக்கிற காரியம் இல்லை.

எந்த வழியில் போனாலும் உள்ளே செய்கிற வேலை ஒன்றுதான். அப்பென்டிக்ஸின் இரத்தக் குழாயைக் கட்டி, அடியை நல்ல இடத்தில் நூலால் கட்டி, வெட்டி, சீழை வெளியேற்றுவது. அதோடு மலக்கல்லைத் தேட வேண்டும். ஓட்டை வழியாக ஒரு பயறு அளவுக் கல் நழுவிக் குடல்களுக்குள் ஒளிந்துகொண்டால், எவ்வளவு அழகாகத் தைத்தாலும் அதைச் சுற்றித் திரும்பச் சீழ் கட்டும். தியேட்டரில் அந்தக் கல் தட்டில் விழும் சத்தம் கேட்டால்தான் எல்லோருக்கும் மூச்சு வரும்.

என் சாய்வு இது. தேறிய பிள்ளை, கை பழகிய நிபுணர், கருவி எல்லாம் இருக்கும் இடத்தில் துளை முறை. இதில் ஒன்று குறைந்தாலும் திறந்த முறைதான், அதில் வருந்த ஒன்றுமில்லை. துளையில் தொடங்கி நடுவில் கீறலுக்கு மாறினால் "ஏதோ பிழை நடந்துவிட்டது" என்று நினைக்கவும் வேண்டாம். பிடிவாதம் பிடிக்காத நிபுணர் கையில் உங்கள் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம்.

கழுவுவதும் ரியூப் வைப்பதும்

"நல்லா கழுவினீங்களா?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. அழுக்கு இருந்தால் கழுவத்தானே வேண்டும் என்று தோன்றும். அமெரிக்காவில் கன்சாஸ் சிற்றியில் ஒரு சிறுவர் வைத்தியசாலை 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. அப்பென்டிக்ஸ் வெடித்த 220 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, துளை முறை ஒப்பரேசனில் ஒரு பாதிக்குச் சேலைன் ஊற்றிக் கழுவினார்கள், மறுபாதிக்குச் சீழை உறிஞ்சி எடுத்ததோடு விட்டார்கள். பின்னர் வயிற்றுக்குள் சீழ் கட்டியது உறிஞ்சியவர்களில் 19.1 வீதம், கழுவியவர்களில் 18.3 வீதம். வித்தியாசமே இல்லை. ஓரிடத்தில் இருக்கும் சீழை நிறைய நீர் ஊற்றி நாலா பக்கமும் பரப்புவதை விட, பார்த்துப் பார்த்து உறிஞ்சுவது போதும் என்றே நான் நினைக்கிறேன். நாலு மூலையிலும் சீழ் நிறைந்த வயிற்றைத் திறந்து செய்யும்போது இளஞ்சூட்டுச் சேலைனால் கழுவும் நிபுணர்களும் இருக்கிறார்கள். ஊற்றியதை முழுக்கத் திரும்ப உறிஞ்சி எடுத்தால் அதில் பிழை இல்லை.

இந்த 18, 19 வீதத்தை இன்னொரு தடவை பாருங்கள். நல்ல வசதியுள்ள இடத்தில், நல்ல கைகளில்கூட, வெடித்த அப்பென்டிக்ஸ் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்குக் கிட்ட உள்ளே திரும்பச் சீழ் கட்டியிருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு அப்படி வந்தால் உடனே "ஒப்பரேசன் பிழைச்சிட்டு" என்று பேச்சு கிளம்பும். பெரும்பாலும் அது ஒப்பரேசனின் பிழை இல்லை, நோயின் குணம்.

ரியூப் விஷயம் சுருக்கமானது. முன்பு எல்லோருக்கும் வைத்தார்கள். இப்போதைய ஆய்வுகளின்படி, பரவிய சீழுக்கு முன்னெச்சரிக்கையாக ரியூப் வைப்பதால் சீழ் கட்டுவது குறைவதில்லை, ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்கள்தான் கூடுகின்றன. 2020இல் வந்த சர்வதேச வழிகாட்டலும் பிள்ளைகளுக்கு வழக்கமாக ரியூப் வைக்க வேண்டாம் என்கிறது. தடித்த சுவரோடு கட்டிய சீழ்ப்பை இருந்தாலோ, அப்பென்டிக்ஸின் அடி கட்ட முடியாத அளவுக்கு அழுகியிருந்தாலோ அது வேறு கதை. ரியூப் இல்லாமல் வந்த பிள்ளையைப் பார்த்து "மறந்திட்டாங்களோ" என்று யோசிக்க வேண்டாம்.

தோலைத் தைப்பதும் இப்படித்தான். சீழ் பட்ட காயம் என்று திறந்து விட்டு நாலைந்து நாள் கழித்துத் தைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது பெரும்பாலும் அன்றைக்கே தைத்துவிடலாம். பிள்ளைக்கு அது எவ்வளவோ மேல், தினமும் காயத்துக்குள் துணி திணிக்கும் வேதனை மிச்சம்.

ஒப்பரேசன் இப்போது வேண்டாம் என்று சொன்னால்

சில பிள்ளைகள் நாலைந்து நாள் கழித்து வருவார்கள். வயிறு முழுக்கப் பரவாமல், வலது பக்கத்தில் கையில் தட்டுப்படும் கட்டியாகச் சுருண்டிருக்கும். ஸ்கானில் சீழ்ப்பை தெரியும். இங்கே உண்மையான போட்டி இருக்கிறது: இப்போதே வெட்டுவதா, அன்டிபயோட்டிக் கொடுத்து, தேவையென்றால் ஸ்கான் பார்த்து ஊசியால் சீழை இழுத்து, கட்டியைக் கரைத்து, பிறகு பார்ப்பதா?

ஆய்வுகள் ஒரே பக்கம் பேசவில்லை. நன்றாகக் கட்டிய சீழ்ப்பை உள்ள 40 பிள்ளைகளை ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டு ஆய்வில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெடித்த அப்பென்டிக்ஸ் பிள்ளைகள் 131 பேரைக் கொண்ட 2011ஆம் ஆண்டு ஆய்வில் உடனே வெட்டியது தெளிவாக வென்றது. பிள்ளைகள் வழமைக்குத் திரும்ப 13.8 நாள் எடுத்தது, காத்திருந்தவர்களுக்கு 19.4 நாள். சிக்கல்கள் 30 வீதம், காத்திருந்தவர்களில் 55 வீதம். வயிறு முழுக்கப் பரவிய பிள்ளைக்குக் காத்திருப்பது என்ற பேச்சே இல்லை. நன்றாகக் கட்டிப்போய், காய்ச்சல் இறங்கி, சாப்பிடத் தொடங்கிய பிள்ளைக்குப் பொறுத்திருப்பது நல்ல வழி. அந்தக் கட்டிக்குள் அவசரப்பட்டு நுழைந்தால் நல்ல குடலும் கிழிய இடமுண்டு.

கட்டி கரைந்த பிறகு சில மாதத்தில் அப்பென்டிக்ஸை எடுக்கத்தான் வேண்டுமா? 2017இல் வெளியான, பிரித்தானியா முதலான நாடுகளில் 106 பிள்ளைகளோடு நடந்த ஆய்வில், எடுக்காமல் கவனித்து வந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் திரும்ப நோய் வந்தது 12 வீதம்தான். அங்கே அது எடுக்காமல் விடச் சொல்வதற்கு நல்ல காரணம். ஆனால் திரும்ப வலி வந்தால் அரை மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடிய வீடு அது. எங்கள் கிழக்குக் கரையில் வாகரைக்கு அந்தப் பக்கமோ, பொத்துவிலுக்கு உள்ளே வயல்வாடியிலோ இருக்கும் குடும்பத்துக்கு அதே 12 வீதம் வேறு பாரம். அப்படியான பிள்ளைக்குத் திட்டமிட்டு, பகலில், தெளிந்த வயிற்றோடு எடுத்துவிடுவதையே நான் விரும்புவேன். கிளினிக் திகதியைத் தவறவிடாமல் வருவார்களா என்பதையும் நிபுணர் மனத்தில் வைத்துத்தான் முடிவெடுப்பார். உங்கள் வீடு எங்கே, இரவில் வாகனம் கிடைக்குமா என்று அவரிடம் திறந்து சொல்லுங்கள்.

பக்கமா, தூரமா

எங்கள் கரையில் இதுதான் மிகக் கனமான ஒப்பீடு. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு 100 கிலோமீற்றருக்கு மேல், அக்கரைப்பற்றிலிருந்து சுமார் 60, கல்முனையிலிருந்து சுமார் 40. நடுவில் அம்பாறைப் பொது வைத்தியசாலையும், கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. வசதியுள்ள சிலர் பிள்ளையை வானில் ஏற்றி நேரே கொழும்புக்கே ஓடுகிறார்கள், துளை முறை நிச்சயம் கிடைக்கும் என்று. சேலைன் இல்லை, ஊசி இல்லை, வழியில் பிள்ளை சத்தி எடுத்துக்கொண்டே போகும்.

பள்ளி வயதுப் பிள்ளை, பக்கத்தில் பொதுச் சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் இருக்கும் ஆஸ்பத்திரி என்றால், அங்கே இன்றிரவு செய்யும் திறந்த ஒப்பரேசன், நாளைக்குத் தூரத்தில் செய்யப்போகும் துளை ஒப்பரேசனை விட மேல். தழும்பின் நீளத்துக்காக மணித்தியாலங்களைக் கொடுக்காதீர்கள். மிகச் சின்னப் பிள்ளை, அல்லது இரத்த அழுத்தம் விழுந்து மூச்சு வாங்கும் பிள்ளை என்றால் கணக்கு மாறும். அவர்களுக்குச் சிறுவர் மயக்க மருந்தில் பழகியவர்களும் தீவிர சிகிச்சைப் பிரிவும் வேண்டும், அதற்காக அனுப்புவது சரி. அப்போதும் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேலைனும் முதல் அன்டிபயோட்டிக் ஊசியும் ஏறிய பிறகு, அம்புலன்சில்தான் போக வேண்டும். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

ஒப்பரேசன் முடிந்த பிறகு

"ஊசி இன்னும் ரெண்டு நாள் போடுங்க மிஸ்" என்று கெஞ்சுபவர்களும் உண்டு, "பெருநாளைக்கு வீட்ட விடுங்க" என்பவர்களும் உண்டு. முன்பு மூன்று வகை மருந்தைப் பத்து நாள் ஏற்றினார்கள். செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு அன்டிபயோட்டிக்கை நாளுக்கு ஒரு தடவை போட்டாலே அதே பலன் என்று 2008இல் ஒரு ஆய்வு காட்டியது. 2020 வழிகாட்டல், 48 மணித்தியாலத்துக்குப் பிறகு பிள்ளை தேறியிருந்தால் வாயால் கொடுக்கும் மருந்துக்கு மாறலாம், மொத்தம் ஏழு நாளுக்குக் குறைவாகவே போதும் என்கிறது. நெதர்லாந்தில் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களோடு நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வில் இரண்டு நாள் ஊசியும் ஐந்து நாள் ஊசியும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தந்தன. அதனால் நாட்களை எண்ணுவதை விட, காய்ச்சல் இல்லையா, சாப்பிடுகிறதா, வயிறு மென்மையாக இருக்கிறதா என்று பார்த்து மருந்தை நிறுத்துவதே சரி. வீட்டுக்குத் தந்த மருந்தை மட்டும் பாதியில் விட்டுவிடக் கூடாது.

வீட்டுக்குப் போன முதல் இரண்டு வாரம் கண் வைத்திருங்கள். காய்ச்சல் திரும்ப வந்தால், சளி மாதிரி மலம் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், சிறுநீர் போகும்போது அடிவயிறு வலித்தால், அதை வயிற்றுளைவு என்று நினைத்துப் பாமசி மருந்து கொடுக்காதீர்கள். இடுப்புக் குழியில் சீழ் கட்டினால் இப்படித்தான் காட்டும். ஒரு ஸ்கானில் தெரிந்துவிடும், பல பிள்ளைகளுக்கு மருந்திலேயே கரையும், சிலருக்கு ஊசியால் இழுக்க வேண்டிவரும்.

மாதங்கள், ஏன் வருடங்கள் கழிந்தும் பிள்ளை பச்சையாகச் சத்தி எடுத்து, வயிறு ஊதி, காற்றும் மலமும் போகாமல் இருந்தால் உடனே கொண்டுவாருங்கள். குடல் ஒட்டி அடைத்திருக்கலாம். அப்போது முதலில் பார்க்கும் டொக்டரிடம், கேட்காவிட்டாலும், "இவனுக்கு முந்தி அப்பென்டிக்ஸ் வெடிச்சு ஒப்பரேசன் செஞ்சது" என்று சொல்லி, கிளினிக் கொப்பியையும் கையில் கொடுங்கள்.